பதினெட்டு நிமிடப் பாக்கி

நான் படித்த பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பது காலை ஒன்பதரைக்கு. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம், ஓடினால் ஐந்து. இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மனசாட்சி உள்ள எந்த நீதிபதியிடமும் போய்க் கேட்கலாம்: பையன் எத்தனை மணிக்கு எழுந்தால் போதும்? எட்டரை என்பார். கொஞ்சம் கறாரானவராக இருந்தால் எட்டு என்பார். எங்கள் வீட்டுத் தீர்ப்பு ஆறு மணி. மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்புக்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் ஏழு மணிக்கு டியூஷன். இரண்டு, தண்ணீர். எங்கள் ஊர் கோவில்பட்டி. கரிசல் மண்ணில் பருத்தி விளையும், கம்பு விளையும். ஆனால் குடிதண்ணீர் மட்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற விருந்தாளி மாதிரி, நினைத்த நாளில் தெருக்குழாயில் எட்டிப்பார்க்கும். அது எட்டிப்பார்க்கும் நேரம் எப்போதும் விடிவதற்கு முன்னால்தான். மூன்றாவது காரணம், விடிந்தும் படுத்துக்கிடக்கிறவன் இருக்கிற வீட்டில் மூதேவி குடிவந்துவிடுவாள் என்ற ஆச்சியின் கொள்கை. முதல் இரண்டையும் எப்படியாவது வாதாடிச் சமாளிக்கலாம். மூன்றாவதில் ஆச்சி பக்கம் திருவள்ளுவரே சாட்சி சொல்கிறார்; சோம்பலில்தான் மூதேவி இருக்கிறாள் என்று குறள் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு குறளில், கெட்டுப்போக ஆசைப்படுகிறவர்கள் விரும்பி ஏறுகிற தோணிகள் என்று நாலு சாமான்களைப் பட்டியல் போடுகிறார். நாலாவது தூக்கம். நான் அந்தத் தோணியில் வெறுமனே ஏறியவன் அல்ல. அதில் பாய் விரித்துப் படுத்தவன்.

எண்பதுகளில் எங்கள் வீட்டில் மூன்று நேரங்கள் அமலில் இருந்தன. அப்பாவின் நேரம் அவருடைய ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம், தினமும் ரேடியோவைக் கேட்டு ஒரு முள்ளளவு திருத்திக்கொள்வார். ஊரின் நேரம் மில் சங்கு. ஷிப்டுக்கு ஆள் கூப்பிட ஊதுவார்கள். மில்லில் வேலை பார்க்காதவர்களும் அதற்குக் கட்டுப்பட்டே உலை வைத்தார்கள், குளித்தார்கள், சண்டை போட்டார்கள். மூன்றாவது அம்மாவின் நேரம். அது எந்தக் கருவியிலும் தெரியாது. சரியாக ஆறு மணிக்கு என் தலைமாட்டில் நின்றுகொண்டு, "மணி ஏழாகப் போவுது" என்பாள். இதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்டிவிட முடியாது. ஆறு மணி ஏழாகப் போகிற மணிதான். அந்தக் கணக்கில் முந்தின நாள் ராத்திரி எட்டு மணியும் ஏழாகப் போகிற மணிதான்.

எழுப்புகிற வேலைக்கு எங்கள் ஊரில் ஒரு காலத்தில் மிகச் சிறந்த ஏற்பாடு இருந்திருக்கிறது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர் இது. விடியற்காலையில் அவர் பூபாளம் வாசித்து எழுப்புவதாக இருந்தால், நானும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அவர் 1964-இலேயே காலமாகிவிட்டார். நான் பிறக்கும்போது சங்கு ஊதுகிற பொறுப்பு முழுக்க மில்லிடம் போய்விட்டிருந்தது.

விடியற்காலைச் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். முதலில், இருட்டோடு இருட்டாக, கிராமங்களுக்கு ஆள் ஏற்றப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸின் ஹாரன். அப்புறம் குழாயடியில் குடங்கள் முட்டிக்கொள்கிற சத்தம். அதற்குப் பின்னாலேயே குடத்துக்குச் சொந்தக்காரர்கள் முட்டிக்கொள்கிற சத்தம். அம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி. பால்காரரின் சைக்கிள் மணி. வாசலில் சாணித் தண்ணீர் தெளிக்கிற சளப் சளப். இவ்வளவு சத்தத்தில் ஒருவன் எப்படித் தூங்குவான் என்று கேட்பவர்களுக்குத் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல தூக்கம் சத்தத்தை விரட்டாது, வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர்போனது. ஆகவே குடங்கள் முட்டுகிற சத்தம் என் கனவில் மட்டைகள் மோதுகிற சத்தமாகிவிடும். மில் சங்கு ஊதினால் இடைவேளை. ஈஸ்வரியம்மா ரசிகர்கள் பக்கம். "ஏலே" என்ற அம்மாவின் குரல்கூட, பந்தை எனக்குத் தள்ளச் சொல்லி ஒருவன் கூப்பிடுவதாகத்தான் கேட்கும். நான் தள்ளிவிட்டு மேலே ஓடிக்கொண்டிருப்பேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா ரேடியோவைத் திருகுவார். திருநெல்வேலி வானொலி நிலையம் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அடையாள இசை வரும். தம்புராவோடு வயலின் இழையும். அதைக் கோத்தவர் வால்டர் காஃப்மன் என்று பிற்பாடு படித்தேன். பொஹீமியாவில் பிறந்த யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி 1934-இல் பம்பாய்க்கு வந்து, அங்கே வானொலியில் வேலை பார்த்தவர். அவர் பட்ட கஷ்டத்துக்கு எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நாஜிகளுக்கும் கோவில்பட்டிப் பையன்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த இசையைக் கேட்டால் இன்றைக்கும் பலருக்குக் கண்ணீர் வருகிறது என்கிறார்கள். எனக்கும் வந்தது, அன்றைக்கே, கண்ணைத் திறக்கச் சொன்னதால்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு டெல்லியிலிருந்து சமஸ்கிருதச் செய்தி. வீட்டில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. பொருள் மட்டும் எல்லாருக்கும் புரியும்: டியூஷனுக்கு இன்னும் ஐந்து நிமிடம். ஏழே காலுக்கு டெல்லித் தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் கணீர்க் குரல் கேட்கும்போது நான் இன்னும் வீட்டில் இருந்தேன் என்றால், உலகச் செய்திகளுக்கு முன்னதாக உள்ளூரில் ஒரு செய்தி நடக்கும்.

அம்மாவின் எழுப்புமுறைக்குப் படிகள் உண்டு. முதல் படி, "எய்யா, எந்திரிய்யா." இதில் பாசம் மட்டுமே இருக்கும், அபாயம் இல்லை. இரண்டாவது, வெறும் பெயர். மூன்றாவது, "ஏலே." நான்காவது, இன்ஷியலோடு சேர்த்து, பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருப்பதுபோல் முழுப்பெயர். பெற்ற தாய் பிள்ளையை இன்ஷியலோடு கூப்பிட்டால் விவகாரம் அரசாங்க மட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஐந்தாவது படியில் பேச்சே கிடையாது. காற்றாடியை நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். கரிசல் காட்டு ஊரில் காற்றாடி நின்ற அடுத்த நொடி, ஊர் ஈக்கள் அத்தனைக்கும் தந்தி போய்விடும். போர்வையை இழுத்து மூடினால் வேர்வை, விலக்கினால் ஈ. பீஷ்மருக்கு அம்புப் படுக்கை எப்படி இருந்திருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்பா எழுப்ப மாட்டார். செருமுவார். ஒரே ஒரு செருமல். ஐந்து படிகளிலும் அசையாத உடம்பு அந்தச் செருமலில் பாயை விட்டு எழுந்து, நின்று, பாயைச் சுருட்டியும் முடித்திருக்கும். அக்கா வேறு வகை. அவளுக்கு நான் எழுந்திருப்பது முக்கியமில்லை. எழுப்புகிற சந்தோஷம்தான் முக்கியம். குழாயடியிலிருந்து திரும்பும்போது குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து என் மேல் தெளிப்பாள். ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற நேரத்தில் அதை என் முகத்தில் வீணடிக்கிறாளே என்று பொதுநல நோக்கோடு அம்மாவிடம் முறையிட்டிருக்கிறேன். எடுபட்டதில்லை. ஆச்சியோ என்னோடு சேர்த்துப் பாயைச் சுருட்டுவாள். கோரைப்பாயின் ஒரு ஓரத்தைப் பிடித்து அவள் உருட்ட ஆரம்பித்தால், மறு ஓரத்தில் நான் தரையில் போய் விழுவேன். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கும். அங்கேயும் தூங்கலாம்.

எழுந்துவிட்டான் என்று வீடு நம்புகிற நேரத்தில்தான் தூக்கத்தின் இரண்டாம் பாகம் தொடங்கும். உள்ளங்கையில் கோபால் பல்பொடியைக் கொட்டிக்கொண்டு புறவாசல் படியில் உட்காருவேன். விரல் வாய்க்குள் போகும். அதோடு சரி. ரோஸ் நிற எச்சில் முழங்கை வரைக்கும் ஒழுக, ஆள் அப்படியே உறைந்திருப்பேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பையன் பல் தேய்க்கிறான் என்றுதான் தோன்றும். "பல்லைத் தேய்க்கியா, எண்ணுதியா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்ததும் விரல் மட்டும் நாலு தடவை அசையும். குளியல் அதைவிடச் சுருக்கம். தண்ணீர்ப் பஞ்சம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரு கால் என் செருப்பிலும் மறு கால் அக்கா செருப்பிலுமாக டியூஷன் போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு. வழியில் என்னைக் கடந்துபோன மாடுகள் என்னைவிடத் தெளிவாக இருந்தன.

டியூஷன் வாத்தியாரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்கும் தூக்கம். சாரமும் தோளில் துண்டுமாக சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நீளமாக ஒரு கூட்டுவட்டிக் கணக்கைச் சொல்வார். அசல் ஐயாயிரம், வட்டி பன்னிரண்டு சதவீதம், மூன்று வருஷம், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். யோசிக்கிறார் என்று நாங்கள் மரியாதையாக நம்பினோம். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு, பென்சிலை நோட்டில் ஊன்றியபடி உறங்குவோம். யோசிக்கிறார்கள் என்று அவரும் பெருந்தன்மையோடு நம்பினார். திண்ணை முழுக்க அமைதி. வட்டி மட்டும் அசலோடு சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும். இந்த ஒப்பந்தத்தைக் கெடுக்கிற ஒரே ஜந்து, கணக்கைச் சீக்கிரமாகப் போட்டு முடித்துவிட்டு "சார்" என்று கூப்பிடுகிறவன். அப்படி ஒருவன் இருந்தான். இப்போது வங்கியில் பெரிய அதிகாரி. அங்கேயும் யார் தூக்கத்தையோ கெடுத்துக்கொண்டுதான் இருப்பான்.

மார்கழி வந்தால் எங்கள் வழக்குக்குப் புராண பலம் சேரும். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடலாம். ஆண்டாள் எங்களுக்கு அக்கம்பக்கத்து வீட்டுப் பெண் கணக்குத்தான். ஆச்சி திருப்பாவையை மனப்பாடமாகச் சொல்வாள். என்னை எழுப்பச் சொல்லும் சாக்கில் எதிரியின் ஆயுதக் கிடங்கையே எனக்குத் திறந்துகாட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. முப்பது பாட்டில் ஆறாம் பாட்டு தொடங்கிப் பதினைந்தாம் பாட்டு வரைக்கும், பத்துப் பாட்டு முழுக்க, எழுந்திருக்காத பெண்களை எழுப்புகிற கதைதான். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அதில் ஒரு சங்கதிகூடப் பழசாகவில்லை. ஒரு பாட்டில் வாசலில் நிற்கிறவர்கள் வீட்டு அம்மாவைப் பார்த்து, உங்கள் மகள் ஊமையா, செவிடா, சோம்பேறியா, யாராவது மந்திரம் போட்டுவிட்டார்களா என்று விசாரிக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு அத்தை இதே நான்கு கேள்விகளை இதே வரிசையில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். பத்தாம் பாட்டில் கும்பகர்ணனே இழுக்கப்படுகிறான்: அவன் உன்னிடம் தோற்று, தன் தூக்கத்தை உனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனானா என்று. ஆச்சி அதை என்னைப் பார்த்துத்தான் பாடுவாள். பதின்மூன்றாம் பாட்டில், வெள்ளி முளைத்து வியாழன் மறைந்துவிட்டது என்று வானசாஸ்திர ஆதாரத்தோடு எழுப்புகிறார்கள். "மணி ஏழாகப் போவுது"க்கு அந்த மாதிரி ஆதாரம் எதுவும் கிடையாது என்று நான் போர்வைக்குள்ளிருந்து எடுத்துச் சொன்னேன்.

எனக்குப் பிடித்தது பதினைந்தாம் பாட்டு. அதில்தான் உள்ளே படுத்திருக்கிறவளுக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. ஏன் இப்படிக் கத்துகிறீர்கள், இதோ வருகிறேன் என்கிறாள். "இதோ வருகிறேன்" என்று சொல்கிறவள் படுத்துக்கொண்டுதான் சொல்கிறாள் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். நின்றுகொண்டிருப்பவர்கள் அதைச் சொல்வதில்லை, வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு அநியாயமும் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. ஸ்ரீரங்கத்துப் பெருமாளை எழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வார் பத்துப் பாசுரம் பாடியிருக்கிறார். சிவபெருமானை எழுப்ப மாணிக்கவாசகரும் பத்துப் பாட்டு. பாரதியாரோ பாரதமாதாவுக்கே ஒரு திருப்பள்ளியெழுச்சி எழுதியிருக்கிறார். வால்மீகியின் கும்பகர்ணனுக்கு முரசும் சங்கும் முழங்கின. கடைசியில் ஆயிரம் யானைகளை மேலே ஓடவிட்டார்கள். ஆக, தெய்வங்கள், தேசம், அரக்கன் எல்லாருக்கும் தகுந்த மரியாதை. எட்டாம் வகுப்புப் பையனுக்கு மட்டும் காற்றாடி நிறுத்தம். எனக்குப் பத்துப் பாட்டு வேண்டாம், ஒன்று போதும் என்று அம்மாவிடம் விண்ணப்பித்தேன். "ஒன்னு வச்சேன்னா தெரியும்" என்றாள். அவள் சொன்னது பாட்டு அல்ல.

அந்த இருட்டில் போன பஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் விடிவதற்கு வெகு முன்னாலேயே கிராமம் கிராமமாகப் போகும். ஏறுகிறவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள், என்னைவிடச் சின்னவர்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, கூலி எண்ணிக்கைக் கணக்கு. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன் ஏழாம் வகுப்புக்கு வரவில்லை. கிராமத்தில் அவன் வீட்டில் அவனை மூன்றரை மணிக்கு எழுப்பினார்கள். எத்தனை படிகளில் எழுப்பினார்கள் என்று கேட்டபோது, "ஒரே மிதி" என்று சிரித்தான். பஸ்ஸில் எல்லாரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து தூங்கிக்கொண்டுதான் போவார்களாம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல். இந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ஆவணப்படத்துக்குக் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று பெயர். ஆறு மணிக்கு எழுப்பப்பட்டதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்ததே, ஆறு மணிவரை தூங்கக் கிடைத்ததால்தான். அவனுக்குப் புகார் சொல்லக்கூட நேரம் இருக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டேன் என்பதற்காக என் வழக்கை வாபஸ் வாங்கியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லப்போனால் அது இருவர் சார்பிலும் நடக்கிற வழக்கு. சமீப வருஷங்களில் அதற்குச் சாட்சிகள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து குவிந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் சாட்சி, 2017-இன் மருத்துவ நோபல் பரிசு. ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று பேருக்கு. உயிர்களின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது ஜீன்களால் முடுக்கப்படுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். காற்றாடி நின்றதும் என் மூக்கில் வந்து உட்கார்ந்தவற்றின் தூரத்துச் சொந்தங்கள், முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து என் பக்கம் சாட்சி சொல்லியிருக்கின்றன.

இரண்டாவது, மெலடோனின். ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குத் தண்டோரா போடுகிற சுரப்பு. பதின்ம வயதில் இந்தத் தண்டோராக்காரன் இரண்டு மணி நேரம்வரை தாமதமாகக் கிளம்புகிறான். அதனால்தான் பையன் ராத்திரி பத்தரைக்கு ஆந்தை மாதிரி விழித்திருக்கிறான். காலை ஆறு மணி அவன் உடம்புக்கு நட்டநடு ராத்திரி. எழுப்பிய பிறகும் மூளை முழுசாக விழிக்க அரைமணி நேரம் வரைக்கும் ஆகலாம் என்கிறார்கள். புறவாசல் படியில் பல்பொடியோடு உறைந்திருந்தது சோம்பேறித்தனம் அல்ல, விஞ்ஞானம்.

மூன்றாவது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். வளர்ந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடம் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கவே கூடாது என்று 2014-இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாகவே போட்டு, 2022 ஜூலையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் அமல்படுத்திவிட்டது. இதைப் படித்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. கலிபோர்னியா சட்டம் போட்டு எட்டரைக்குக் கொண்டுவந்ததை, கோவில்பட்டியில் எங்கள் பள்ளிக்கூடம் எண்பதுகளிலேயே ஒன்பதரை என்று தாராளமாகக் கொடுத்திருந்தது. நடுவில் புகுந்து கெடுத்தது டியூஷன்.

நான்காவது சாட்சி எல்லாரையும்விடப் பெரியவர்: சூரியன். இந்திய நேரம் மிர்சாபூருக்குப் பக்கத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையில் நிர்ணயிக்கப்படுகிறது. கோவில்பட்டி இருப்பது 78 பாகைக்கும் கொஞ்சம் மேற்கே. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம். கணக்கு வாத்தியார் தூங்கிக்கொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு வந்துவிடும்: எங்கள் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 18 நிமிடம் பின்னால் வருகிறது. கடிகாரம் ஆறு என்று சொல்லும்போது எங்கள் வானத்தில் மணி ஐந்தே முக்கால்கூட ஆகியிருக்காது. தை மாசக் கடைசியில் எங்கள் ஊரில் சூரியன் தலைகாட்டுவதே ஆறு நாற்பதை ஒட்டித்தான். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறவர் எழுந்திருக்கும் முன்னால் நான் எழுந்து என்ன செய்யப்போகிறேன்? வெள்ளைக்காரன் ஆட்சியில் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. 1906-இல்தான் இந்திய நேரம் என்று ஒன்றை வைத்து, சென்னை நேரத்தைவிட ஒன்பது நிமிடம்போல முள்ளை முன்னால் தள்ளினார்கள். அந்த நிமிடங்கள் யாருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டன என்று எந்தக் கமிஷனும் விசாரிக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது நிலைமை இன்னும் மோசம். 1942-இலிருந்து 1945 வரைக்கும் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கோவில்பட்டியில் ஆறு மணிக்கு எழுப்பப்பட்ட பையன், சூரியக் கணக்குப்படி ஐந்து மணிக்கும் முன்னாலேயே எழுப்பப்பட்டிருக்கிறான். அப்பா பள்ளிக்கூடம் போன வருஷங்கள் அவை. பிரிட்டிஷ் அரசாங்கம் அவரிடம் வாங்கிய கடனை அவர் என்னிடம் வசூலித்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அசல் மட்டுமல்ல, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டியும் சேர்த்து.

ஆதாரங்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நோபல் பரிசில் ஆரம்பித்தேன். ஈயை வைத்துப் பரிசு வாங்கினார்கள் என்றதும், "நம்ம வீட்ல இல்லாத ஈயா" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள். மெலடோனினுக்கு வந்தேன். அந்த வயதில் அது இரண்டு மணி நேரம் லேட்டாகத்தான் சுரக்கும், நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

"அப்பம் ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை என்னம்மா?"

"ஹாக்கி மட்டையத் தூக்கிட்டு விடிய முன்ன அஞ்சு மணிக்குத் தானா எந்திச்சு ஓடுவியே. அன்னைக்கு மட்டும் அது என்ன, லீவா?"

இந்தக் கேள்விக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்திடம் பதில் இருக்கலாம். என்னிடம் இல்லை. ஆகவே கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். மிர்சாபூர், தீர்க்கரேகை, பாகைக்கு நான்கு நிமிடம் என்று ஒன்றுவிடாமல் விளக்கி, "ஆகக்கூடி, நீ என்னைத் தினமும் பதினெட்டு நிமிஷம் முன்கூட்டியே எழுப்பியிருக்கே. அது எனக்கு வர வேண்டிய பாக்கி" என்றேன்.

அம்மா காய் ஆய்வதை நிறுத்தவில்லை. மனசுக்குள் கழித்துப் பார்க்கிறாள் என்பது உதட்டு அசைவில் தெரிந்தது. அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். டியூஷன் போனதில்லை.

"நான் ஆறு மணிக்கு எழுப்ப ஆரம்பிப்பேன். நீ ஏழு மணிக்கு எந்திப்பே. பதினெட்டு நிமிஷம் சூரியன் கணக்குல போச்சு. மிச்சம் நாப்பத்திரெண்டு நிமிஷம் எவன் கணக்குலலே எழுத?"